அண்டாவுக்கு ஒரு டிக்கெட்

பார்த்தீர்களா சார் அந்தக் கண்டக்டரை? அண்டாவுக்கு லக்கேஜ் போட்டார். சரி, போடட்டும், ஒரு ஆள் உட்காருகிற இடத்தை அடைக்கிறது, நியாயம்தான். ஆனால் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள குத்துவிளக்கு இருக்கு, மிக்ஸி இருக்கு, இதுக்கெல்லாம் தனித்தனியா போடணும்ணே" என்கிறார்.

"வெளிய இருந்தாத்தான தம்பி தனி? உள்ள போயிருச்சுன்னா எல்லாமே அண்டாதான்" என்றேன்.

"நீங்க வக்கீலாண்ணே?"

"இல்ல. நெதர்லாந்துல இருந்தேன்."

ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். ஒரே டிக்கெட்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் பெரிய பெரிய மூளைக்காரர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததே இந்த அண்டாதான் சார். நீங்கள் எதுவரை? போடியேவா? நல்லதாகப் போயிற்று. உசிலம்பட்டியில் இறங்குகிறவர் என்றால் அண்டாவோடு நிறுத்தியிருப்பேன். போடி என்றால் முதலிலிருந்தே சொல்லலாம்.

பிட்காயின் கேள்விப்பட்டிருப்பீர்கள். பையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், உங்களை எதிலும் சேர்க்கப் போவதில்லை. அது ஒரு காசு, அவ்வளவுதான். கையில் பிடிக்க முடியாத காசு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக அது ஒரு பஸ் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், ஏறக்குறைய. உலகம் முழுமைக்கும் அந்த ஒரு பஸ்தான். சாதாரண நாளில் காலியாக வரும், ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். தீபாவளிக்கு முதல் நாள் அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு மாதிரிக் கூட்டம் என்றால்? யார் அதிகம் தருகிறேன் என்கிறார்களோ அவர்களைத்தான் கண்டக்டர் ஏற்றுவார். மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். எழுதிப் போட்ட விலை கிடையாது. ஏலம். இதில் இன்னொரு கூத்து, நூறு ரூபாய் அனுப்பினாலும் அதே கட்டணம், நூறு கோடி அனுப்பினாலும் அதே கட்டணம். இடத்தை அடைப்பதற்குத்தான் காசு. கோடிக்காரனுக்கு வலிக்காது. நூறு ரூபாய்க்காரன் என்ன செய்வான்? அவனை மாதிரி நூறு பேர் சேர்ந்து சாமானையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டு, ஒரே டிக்கெட் எடுத்து, கட்டணத்தைப் பிரித்துக்கொள்வார்கள். இது ஒரு வழி.

இன்னொரு வழி இதைவிட அழகு. பஸ்ஸே ஏறாமல் இருப்பது. நானும் என் மாப்பிள்ளையும் அதைத்தான் செய்தோம். செய்திருக்கக் கூடாது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வேணியின் வீட்டுக்காரர். பெயர் சன்னாசி. போடியில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அவரோடு எனக்கு இருக்கிற ஒரு தொடர்பை நிரந்தரமாக அறுத்துவிட்டு வருவதற்குத்தான் இன்றைக்குப் போகிறேன். வேறு ஒன்றுமில்லை. அறுப்பதற்கு இன்றைக்குக் கட்டணம் குறைவு. காலையில் பார்த்தேன், அடிமட்டம். கிளம்பிவிட்டேன்.

அண்டாவா? அறுக்கப் போகிறவன் அண்டா கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ன? இருங்கள், வருகிறேன்.

வேணிக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பையன் பிறந்தான். ரித்விக் என்று பெயர் வைத்தார்கள். போடியில் அதைச் சரியாகச் சொல்கிற ஒரே ஆள் அவனுடைய டீச்சர்தான். அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும், உங்களுக்குத் தெரியாததில்லை. அப்போது நான் நெதர்லாந்தில், லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் என் முகத்தைக் காட்டினார்கள். மடியைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பையன் அதைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதான். கடைசியில் பெரியப்பா மகன் ஒருவன் மடி கொடுத்தான்.

மடிதான் போயிற்று, சீராவது ஊர் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். தட்டு, பழம், பாத்திரம் எல்லாம் எல்லோரும் செய்வது. நான் பிட்காயினாக அனுப்பினேன். ஊர் பேசியது, அதில் சந்தேகமில்லை.

அனுப்பும்போது செல்போன் மூன்று வழி காட்டும். சீக்கிரமாகப் போக ஒரு கட்டணம், நிதானமாகப் போக ஒன்று, எப்போது வேண்டுமானாலும் போகட்டும் என்றால் ஒன்று. நான் மூன்றாவதை அழுத்தினேன். கஞ்சத்தனம் இல்லை சார். அங்கே இருந்து பழகிய புத்தி. அங்கே ஒருவர் வீட்டில் காபி குடித்தால் மறுநாள் நம் பங்கைக் கேட்டுச் செல்போனில் செய்தி வரும். சுத்தமான கணக்கு, மனக்கசப்பே வராது. மனக்கசப்பு வர முதலில் நெருக்கம் வேண்டுமே, அதுவும் வராது. அது ஒரு சௌகரியம். பனி பெய்கிற ஊரில் நாமும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படி ஆகிவிடுகிறோம்.

அந்த வாரம் பார்த்து பஸ்ஸில் கூட்டம். உலகத்துக்கே திடீரென்று அந்தக் காசின் மேல் ஆசை வந்துவிட்டது. என் சீர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கிறது. போடி மண்டபத்தில் மைக்காரர், "தாய்மாமன், நெதர்லாந்து தெய்வேந்திரன் அவர்கள் வழங்கும் சீர்..." என்று இழுத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்திருக்கிறார். செல்போனில் ஒரு மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "...வந்துகொண்டே இருக்கிறது" என்று முடித்தாராம் மைக்காரர். ஒரு தடவையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பந்தி எழும்போதும் அதையே சொல்லியிருக்கிறார். ஒரு பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, "எந்தச் செக்போஸ்ட்டுல மாப்ள புடிச்சு வச்சிருக்கானுக?" என்று கேட்டாராம்.

கட்டணத்தைக் கூட்டிப் போட்டால் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதற்கும் ஒரு பட்டன் உண்டு. வேணி போனில் அழுகிறாள். "அண்ணே, கூட்டிப் போட்டு விடுண்ணே, மானம் போகுது."

"பதறாத வேணி. மத்தியானத்துக்கு மேல கொறஞ்சிரும்."

"மத்தியானத்துக்கு மேல மண்டபமே காலியாயிரும்ணே!"

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? தன் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்து, மைக்கை வாங்கி, "மச்சான் முன்னாடியே குடுத்து விட்டதுங்க, நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். பொய்! சாமி படத்துக்கு முன்னால் நின்று பொய்! அவரை யார் சொல்லச் சொன்னது? பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போதே என் சீர் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. கட்டணத்தில் நான் எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. மோதிரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள் சார், காற்று அடிக்கிறது. இது செக்கானூரணிதானே?

அப்புறம் நான் வெளிநாடு போதும் என்று மதுரைக்குத் திரும்பிவிட்டேன். முதல் தடவை போடிக்குப் போனபோது மாப்பிள்ளையை உட்கார வைத்து, பையனுடைய அபாகஸை எடுத்து, கம்பி வித்தையை விளக்கினேன். அதற்கு இங்கிலீஷில் பெயர் இருக்கிறது. நான் கம்பி என்றுதான் சொல்வேன்.

ஒரு கம்பி. இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். ஆளுக்குப் பாதி மணி கோக்கிறோம், மணி என்பது அந்தக் காசு. கோக்கும்போது ஒரு தடவை பஸ் ஏற வேண்டும், கட்டணம் உண்டு. அதற்குப் பிறகு மணியை இப்படியும் தள்ளலாம், அப்படியும் தள்ளலாம், நாள் முழுக்கத் தள்ளலாம். ஊருக்குத் தெரியாது, கட்டணம் கிடையாது. என்றைக்காவது போதும் என்று தோன்றினால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கம்பியை அறுக்க வேண்டும். அப்போது மறுபடி ஒரு பஸ், ஒரு கட்டணம். யார் பக்கம் எத்தனை மணி நிற்கிறதோ அது அவரவருக்கு.

மாப்பிள்ளை அபாகஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுக்கவே இல்லைன்னா மச்சான்?"

"அறுக்கலைன்னா கட்டணமே இல்லை மாப்ள."

"அப்ப அறுக்க வேணாம்" என்றார். வியாபாரி பாருங்கள். கோக்கிற கட்டணத்தையும் அவரே கட்டினார். நான் தடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அந்தக் கௌரவத்தைக் கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து சாயங்காலம் கடை அடைத்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். ஒரு மணி என்றால் ஒரு டீ விலை. ஏலக்காய்க் கடைகளில் அது ஒரு பழக்கமாம். அன்றைய ஏவாரம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு டீ சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். "மச்சான் மதுரையில இருக்கீங்க, அதுக்காக டீ சொல்லாமப் போக முடியுமா?" என்பார். தினமும் செல்போன் டிங் என்று ஒரு சத்தம் போடும். ஏவாரம் முடிந்தது, மாப்பிள்ளை நலம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இதையே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் டீயைவிட டிக்கெட் பல மடங்கு ஆகியிருக்கும். கம்பியில் ஓசி.

நானா? ஒரு நாள் தவறாமல் வாங்கிக்கொண்டேன். திருப்பி அனுப்புவது முறையாக இருக்காது, டீ வாங்கிக் கொடுப்பவரை அவமதித்த மாதிரி. தவிர, நான் குடிப்பது காபி. தீபாவளி, பொங்கலுக்குப் பையனுக்கென்று நாலு மணி தள்ளிவிடுவேன்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுங்கம் போடுகிற வரைக்கும்.

இந்தக் கம்பியில் இன்னொரு வசதி. மாப்பிள்ளைக்கு என்னோடு மட்டுமில்லை, துபாயில் ஒருவரோடு ஒரு கம்பி, கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் வாத்தியாரோடு ஒரு கம்பி. அவருக்கு யாரோடு வேண்டுமானாலும் பழக்கம் வந்துவிடும். எனக்கு அவரோடு இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதனால் நான் உலகத்தில் யாருக்கு என்ன அனுப்பினாலும் மணி அவர் கைக்குப் போய், அவர் அடுத்த கம்பியில் தள்ளி, அங்கிருந்து போகும். என் வீட்டுக்கு ஒரே வாசல், அதுவும் அவர் வீட்டு முற்றம் வழியாக. அப்படி நடுவில் இருக்கிறவர் விரும்பினால் தனக்கென்று ஒரு சுங்கம் வைத்துக்கொள்ளலாம், விதியில் இடமிருக்கிறது.

ஒரு நாள் ராட்டர்டாமில் ஒரு பழைய சிநேகிதருக்குப் பிறந்தநாள் என்று கொஞ்சம் அனுப்பினேன். பார்த்தால், நடுவில் ஒரு சில்லறை பிடித்தம். பத்து பைசாகூட வராது சார். ஆனால் யார் பிடித்தது? போனைப் போட்டேன்.

"என்ன மாப்ள, சொந்த மச்சான்கிட்டயே சுங்கமா?"

சிரிக்கிறார். "பாத்துட்டீங்களா? எப்பப் பாப்பீங்கன்னு இருந்தேன். மச்சான், போடியில ஒரு மூட்டை எதிர்க் கடைக்குப் போனாக்கூட நடுவுல நிக்கிறவனுக்கு ஒண்ணு உண்டு. நான் நடுவுல நிக்கிறேன்ல?"

"நீங்க எனக்கு நடுவுல நிக்கிறவரா, வேணி வீட்டுக்காரரா?"

"ரெண்டும்தான். கமிஷன் நடுவுல நிக்கிறவனுக்கு. கறிச்சோறு வேணி வீட்டுக்காரனுக்கு."

"இது கொள்கைப் பிரச்சினை மாப்ள."

"பத்துப் பைசா மச்சான்."

"பத்துப் பைசான்னாலும் கட்டணம் கட்டணம்தான!"

"அட, காதுகுத்துல நீங்க கட்டணத்தை மிச்சம் புடிச்சீங்கள்ல? அதுக்கு வட்டின்னு வச்சுக்கங்களேன்" என்று மறுபடியும் ஒரு சிரிப்பு. பின்னால் வேணி சிரிப்பதும் கேட்டது. பையன் சிரிப்பதும் கேட்டது. குடும்பமே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது!

நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். சாதாரண நகைச்சுவைதான். "சீர் எப்ப வரும் எப்ப வரும்னு செல்போனைப் பாத்துக்கிட்டு நின்ன ஆளுதான நீங்க. அந்த ஏக்கம்தான் இப்பச் சில்லறைக்கு அலையுது" என்றேன். அவ்வளவுதான். நெதர்லாந்தில் இதைவிடப் பெரிய நகைச்சுவைக்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பக்கம் ஸ்பீக்கரை அணைக்கிற சத்தம் கேட்டது. "சரிங்க" என்றார். எப்போதும் "சரி மச்சான்" என்பவர். மச்சான் இல்லாமல் வெறும் சரிங்க.

மறுநாளே சுங்கத்தை எடுத்துவிட்டார். செல்போன் காட்டியது, பூஜ்யம். ஆனால் நான் அந்த வழியாக யாருக்கும் எதுவும் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். கொள்கை என்றால் கொள்கை. பையனுக்குத் தீபாவளிக்குத் தள்ளுவதையும் நிறுத்தினேன், பிரச்சினை ஓயட்டும் என்று.

டீயா? அது வந்துகொண்டுதான் இருந்தது. பேச்சு கிடையாது, போன் கிடையாது, டீ மட்டும் சாயங்காலமானால் டிங். நான் பதில் போடவில்லை. ஐப்பசி போய், கார்த்திகை போய், தை பிறந்து அதுவும் போனது. அப்புறம் ஒரு நாள் நின்றுவிட்டது. திடீரென்று. வீம்பு பாருங்கள்! இத்தனை நாள் அனுப்பிவிட்டு, என்ன கோபமோ, ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். செல்போன் கெட்டுவிட்டதோ என்று கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று அதற்கு வேறு ஐம்பது ரூபாய் வாங்கினான்.

அன்றைக்கே முடிவெடுத்தேன், கம்பியை அறுத்துவிடுவது. ஆனால் அறுக்கக் கட்டணம் இருக்கிறதே. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாதம் உச்சத்தில் நின்றது. அப்புறம் இறங்கியது, இன்னும் இறங்கும் என்று விட்டேன். பல நாள் அடிமட்டத்திலேயே கிடந்தது. அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை இருந்தது. ஒருவராகவும் அறுக்கலாம், ஆனால் அறுத்தவருடைய பங்கு கொஞ்ச நாள் கிடப்பில் கிடக்கும். அவசரப்பட்டு முறிக்கிறவருக்கு அது ஒரு தண்டனை மாதிரி. நல்ல யோசனைதான், வேறு சில ஏற்பாடுகளுக்கும் அதை வைத்திருக்கலாம்.

போன வாரம் வேணி கூப்பிட்டாள். "அண்ணே, ஞாயித்துக்கெழம புது வீட்டுல பால் காய்ச்சுறோம். வந்துரு."

"மாப்ள கூப்பிடலையே?"

"இதே ரோதனையாப் போச்சு எனக்கு. 'மச்சான் கம்பியில ஒண்ணுமே தள்ளல'ன்னு அவரு உக்காந்திருக்காரு. 'மாப்ள கூப்பிடல'ன்னு நீ உக்காந்திருக்க. கடைய அடைச்சிட்டு வந்ததும் செல்போனத் தொறக்குறதும் மூடுறதும், தொறக்குறதும் மூடுறதும். உங்க ரெண்டு பேரையும் ஒரே அண்டாவுல போட்டு மூடணும் போல இருக்கு. அண்டான்னதும் ஞாபகம் வருது, பெறந்த வீட்டு அண்டா இல்லாம நான் பால் காய்ச்ச மாட்டேன். கொண்டாந்து சேரு."

அதனால்தான் அண்டா. தெரிந்ததா? போகிற வழியில் ஒரு சாமானை இறக்கிவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான். பால் காய்ச்சுவது நாளைக்கு. நான் போவது அறுக்க. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. என் மனைவி நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறாள், அவள் சும்மா ஊர் பார்க்க. அந்தப் பொட்டலமா? சீரணி மிட்டாய். மாப்பிள்ளைக்கு உயிர். சர்க்கரை இருக்கிறது, அதனால் கால் கிலோதான். அறுக்கும்போது அவருக்கு மனசு சங்கடப்படும் இல்லையா, அதற்கு.

உசிலம்பட்டி தாண்டிவிட்டோமா? பேச்சில் தெரியவில்லை.

என்ன கேட்டீர்கள்? இப்போது யார் பக்கம் எத்தனை மணியா? அதெல்லாம் செல்போனில் சுத்தமாக இருக்கும். இதோ பாருங்கள். இந்தக் கோடு இருக்கிறதே, நீலம் என்பது என் பக்கம். வெள்ளை என்பது அவர் பக்கம். வெள்ளை எங்கே என்கிறீர்களா? இதோ, இந்த ஓரத்தில்... அது ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசித் துணுக்கு, அதை யாரும் அசைக்க முடியாது, விதி. மற்றபடி எல்லாம் நீலம். எல்லா மணியும் என் பக்கம். தினம் ஒரு டீ அனுப்பினால் சேராதா? நானும் எதையும் அந்தப் பக்கம் தள்ளவில்லை, சுங்கத்துக்குப் பிறகு.

கம்பியில் அது ஒரு விசேஷம் சார். மணி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர்தான் தள்ள முடியும். ஒருவர் பக்கம் காலி என்றால், அவர் என்னதான் நினைத்தாலும் ஒரு டீகூட அனுப்ப முடியாது. செல்போன் 'முடியாது' என்று காட்டிவிடும். எதிர்ப் பக்கத்துக்காரர் தள்ளினால்தான் உண்டு. அதுவரைக்கும் அவர் பாவம், திறந்து திறந்து பார்த்து மூட வேண்டியது...

இருங்கள்.

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் இருக்கிறதா?

நின்றுபோனது தை கழிந்து. ஒரு நாள் விடாமல் வந்தது, திடீரென்று நின்றது. காலியானால் அப்படித்தான் நிற்கும். ஆனால் அதை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? 'மச்சான், என் பக்கம் சில்லறை தீர்ந்துபோச்சு' என்று ஒரு போன் போட்டிருக்கலாமே? சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? சில்லறை இல்லை என்று என்னிடம் சொல்வதற்கு அவருக்கு என்ன...

மேலே கணவாய் வந்துவிட்டது, பார்த்தீர்களா. காற்றாலைகள். இந்த இடத்தில் காற்று எப்போதும் இப்படித்தான்.

நான் இப்போது ஒரு வேலை செய்யப் போகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், இதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. அறுப்பதற்கு முன்னால் மணிகளைக் கம்பியின் நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. அப்போதுதான் கணக்கு பார்க்க வசதி. அப்படி ஒரு விதி இருக்கிறதா என்றால், இல்லை. வசதி. இதோ, பாதியை அந்தப் பக்கம் தள்ளுகிறேன். தள்ளியாயிற்று. பாருங்கள், கோட்டில் பாதி வெள்ளை. கட்டணம்? பூஜ்யம். கம்பியில் ஏது கட்டணம்?

கடையில் சத்தத்தை அணைத்து வைத்திருப்பார், செல்போனைத் திறந்தால்தான் தெரியும். இது ஏல நேரம். திறக்க மாட்டார். சாயங்காலம்தான் திறப்பார். திறக்காமலே விட்டாலும் விடலாம், எத்தனை நாளுக்குத்தான் ஒரு மனுஷன் காலிக் கம்பியைத் திறந்து பார்ப்பார்?

தேனியில் டீ குடிப்போமா? வேண்டாம், நான் இறங்கவில்லை, நீங்கள் போய்வாருங்கள். அண்டாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வந்துவிட்டீர்களா. இல்லை, ஒன்றும் வரவில்லை. நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, மணி பார்த்தேன். கட்டணம் பார்த்தேன். இன்னும் குறைந்திருக்கிறது, இதற்குக் கீழே போக முடியாது. அறுப்பதென்றால் இன்றைக்குத்தான் அறுக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம் வைத்திருக்கும்போது ஒன்றை அறுக்கிறேன் என்று உட்காரலாமா? அபசகுனம். நான் அதெல்லாம் நம்புகிறவன் இல்லை. வேணி நம்புவாள். தவிர, கட்டணம் இறங்குகிறது என்றால் எங்கே போய்விடப் போகிறது, அடுத்த மாதமும்...

டிங்.

கேட்டதா? இல்லை, உங்கள் செல்போன் இல்லை, என்னுடையது. ஒரு மணி. ஒரே ஒரு மணி. ஒரு டீ.

ஏல நேரத்தில் கடையை விட்டுவிட்டு இவருக்குச் செல்போனில் என்ன வேலை?

டிங். இன்னொன்று. ஏன் இரண்டு? ஒரு நாளைக்கு ஒன்றுதானே கணக்கு?

டிங். டிங். அடடா. இது இன்றைய டீ மட்டும் இல்லை சார். பாக்கி. விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து அனுப்புகிறார். டிங். பாருங்கள், ஒவ்வொன்றாக! முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லைங்க, டீ! என் மாப்பிள்ளை டீ சொல்கிறார்! டிங். கண்டக்டர் தம்பி, இதுக்கெல்லாம் டிக்கெட் கேட்டுறாத!

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது சார். டிங். அபாகஸ் வைத்து விளக்கினேன், அண்டா தத்துவத்தையும் சொன்னேன். டிங். அத்தனை டீயையும் கூட்டி ஒரே தட்டலில் தள்ளியிருக்கலாம். டிங். விரல் வலிக்காதா மனுஷனுக்கு? இப்படியா ஒவ்வொன்றாக உட்கார்ந்து... டிங்... சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீண்.

இந்தாருங்கள், மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். எடுங்கள், பரவாயில்லை. அவருக்குச் சர்க்கரை, இவ்வளவும் ஆகாது.

சத்தத்தைக் குறைக்கவா? எதற்கு? போடி வரட்டும்.